வேலிக்கு வெளியே நின்ற ரீம்

நேற்று ருவைஸ் சிக்னலில் என் வண்டிக்கு முன்னால் ஒரு புல் லாரி நின்றது. கண்ணாடியை இறக்கினேன். அறுத்து ஈரம் காயாத குதிரைமசால் புல் வாசம். பச்சை விழுந்தது தெரியாமல் நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். அந்த வாசம் வந்தாலே எனக்குக் கோபம் வரும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு என் பெயரைச் சொல்லி ஏழு தண்ணீர் டேங்கர் ஓடுகிறது. பெருமைக்குச் சொல்கிறான் என்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அதற்கெல்லாம் முன்னால் லிவா பாலைவனத்துப் பக்கம் ஒரு புல் பண்ணையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் மணல், நடுவில் வட்டமாகப் பச்சை. விடிகிற நேரத்தில் அங்கே மான்கள் வரும். அரபிகள் ரீம் என்பார்கள். மணல் நிறம், வெள்ளை முகம், கறுத்த வால் நுனி. அசைந்தால்தான் மான் என்று தெரியும்.

ஊருக்குப் போன ரூம்காரர் ஒருவரிடம் பழைய கேமரா வாங்கினேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாக்கைப் போர்த்திக்கொண்டு ஈரப்புல்லில் குப்புறக் கிடப்பேன். எறும்பு கடித்தாலும் அசையமாட்டேன். முழ நீள லென்ஸோடு ஜீப்பில் வருகிறவர்களுக்கு மானின் பின்பக்கம்தான் கிடைக்கும். எனக்குக் கண்ணிமை கிடைத்தது. நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பின் வாட்ஸ்அப்பில் தினம் ஒரு படம் போடுவேன். பக்கத்துக் கட்டில் செல்வராசு சிரிப்பான். "அண்ணே, இதுகளுக்கு விசா எடுத்துக் குடுத்ததே நீங்கதானா? இப்பிடி போஸ் குடுக்குதுங்க!"

அந்தப் பீற்றல்தான் வினையாகிவிட்டது. ஒருநாள் ஃபோர்மேன் கூப்பிட்டார். நம் தமிழ் ஆள்தான். போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது நீ எடுத்த படந்தானே? வாயில என்னய்யா அது, சூயிங்கமா?"

எல்லாப் படத்திலும் மான் வாயில் எங்கள் புல். மேனேஜருக்கு அனுப்பிவிட்டாராம். புல் குறைகிறதே என்ற கேள்விக்கு நான்தான் சாட்சி தயார்செய்து கொடுத்திருக்கிறேன். மூன்று நாளில் வேலி வந்தது. கம்பி கட்டியவர்களில் நானும் ஒருத்தன்.

கட்டி முடித்த அன்று சாயங்காலம் ஒரு பெண் மான் மட்டும் வேலி ஓரமாகப் போவதும் வருவதுமாக இருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. குட்டியை அடர்ந்த புல்லில் படுக்கவைத்துவிட்டுத்தான் தாய் மேயப் போகும். தாய் வரும்வரை குட்டி எழுந்திருக்காது. தேடினேன். அவ்வளவு பெரிய வட்டத்தில், மூச்சுக்கூடக் காட்டாமல் கிடக்கிற குட்டியை எங்கே போய்த் துழாவுவது? ஃபோர்மேனிடம் ஓடினேன்.

"சார், ஒரு மணி நேரம் கம்பிய அவுத்துவிடுவோம். குட்டி உள்ள கெடக்கு."

"கலாஸ், முடிஞ்சுது பேச்சு. வேலியில கை வச்ச, விசா கேன்சல். நேரா ஏர்போர்ட்டு."

கட்டர் என் இடுப்பில்தான் இருந்தது. செல்வராசு கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஊர்ல ஒங்க வீடு அரைச் சுவரோட நிக்குது. ஒரு மானுக்காவா வேலைய விடுவீங்க?"

வெட்டவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். படம் எடுத்தேன். அது வேலியோரம் நின்ற இரண்டு நாளும் எடுத்தேன். கம்பிக்கண்ணியில் மூக்கை வைத்து அழுத்தியபடி அது உள்ளே பார்க்கிற படம், நான் எடுத்ததிலேயே ஆகச் சிறந்த படம். கேம்ப்பே பாராட்டியது. மூன்றாம் நாள் தாயைக் காணவில்லை. அந்த வாரம் அறுப்பில் குட்டி கிடைத்தது. செல்வராசு தன் துண்டைப் போட்டு மூடினான். மூடாமல் இருந்திருந்தால் அதையும் எடுத்திருப்பேனோ என்னவோ.

ஃபோர்மேன் மேல் கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. வேலியை ஒரு நாள் தள்ளிக் கட்டினால் என்ன குடி முழுகியிருக்கும்? ஆனால் கட்டர் அவர் இடுப்பில் இல்லை. அதற்கப்புறம் மூன்று விசா மாறிவிட்டேன். போனால் இன்னொன்று கிடைக்கும் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. எனக்கும் புத்தி இல்லை.

போன குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போனேன். கிணறு உப்பாகிப் பண்ணையை மூடிவிட்டார்கள். ஃபோர்மேன் ஊரோடு போய்விட்டார். ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. வேலி மட்டும் நின்றது. வண்டியிலிருந்து கட்டரை எடுத்து, தாய் நின்ற இடத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டினேன். யாரும் தடுக்கவில்லை. உள்ளேயும் மணல், வெளியேயும் மணல்.