கரண்ட் இல்லாத சந்தில் நீள ஆன்டெனா

யாங்கோனில் எங்கள் இரண்டு காய்கறி வண்டிகளும் மிங்கலாடோனுக்கும் தாகேதாவுக்கும் இடையே ஓடுகின்றன. ஒன்றை என் கணவர் கோ வின் ஓட்டுகிறார், மற்றதை நான் ஓட்டுகிறேன். போனில் சிக்னல் நிலையாக இருப்பதில்லை என்று வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவை இரண்டிலும் பொருத்தினோம்.

ரேடியோ விற்ற கடைக்காரர், பர்மிய வழக்கப்படி அக்கா என்பதற்கு 'மா' போட்டு, "மா செல்வி, ஊருக்குள்ள ஓடுற வண்டிக்குக் குட்டை ஆன்டெனாவே போதும்" என்றார். நான் கேட்கவில்லை. நீளம் கூடினால் பேச்சு தூரம் போகும் என்று, ஆளுயர ஆன்டெனாவை என் வண்டியின் கூரைமேல் நிறுத்தினேன்.

மறுநாள் தாகேதாவில் ஒரு சந்துக்குள் திரும்பியதும் மேலே ஏதோ உரசியது. கதவைப் பிடித்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றி அண்ணாந்து பார்த்தேன். தாழத் தொங்கிய மின்கம்பியில் ஆன்டெனா மாட்டிக்கொண்டிருந்தது.

சந்தில் எதிரே இருந்த வீட்டு அம்மா வாசலில் விசிறிக்கொண்டே, "கரண்ட் காலையிலயே போயிடுச்சு. வர்றதுக்குள்ள வண்டியப் பின்னால எடு" என்றார். எடுத்தேன். கம்பியில் கரண்ட் இருந்திருந்தால், கதவைப் பிடித்துத் தரையில் கால் ஊன்றிய என் வழியாகத்தான் இறங்கியிருக்கும்.

இப்போது இரண்டு வண்டியிலும் குட்டை ஆன்டெனாதான். கோ வின் குரல் தெளிவாகவே கேட்கிறது. முன்பெல்லாம் கரண்ட் போனால் வாய் ஓயாமல் திட்டுவேன். இப்போது பேசாமல் மெழுகுவர்த்தியை ஏற்றிவிடுகிறேன்.