கழியில் கை காட்டியவன்

இது யாரோ சொல்லி யாரோ கேட்டு வந்த கதை இல்லை. ஜெயக்குமார் இன்றைக்கும் கூடுவாஞ்சேரியில் அதே அடுக்குமாடியில், நாலாவது மாடியில்தான் இருக்கிறான். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நேரில் போய்க் கேட்டால் முதலில் மழுப்புவான். இரண்டாவது டீக்குப் பிறகு சொல்வான். நேரம் உட்பட சொல்வான். ஒரு நிமிடம் கூட மாறாது.

போன டிசம்பரில் நடந்தது.

ஜெயக்குமாரும் நண்பர்களும் ஒரு குழு. ஐந்து ஜீப்புகள். தார் ரோடு என்றாலே இவர்களுக்கு ஆகாது. பொங்கல் லீவில் மூன்று நாள் பயணம் என்று திட்டம். மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரைகள், முள்காடு, சவுக்குத் தோப்பு, கடைசியில் ஓர் உப்பங்கழியைத் தாண்டி கடலோரத்தில் கூடாரம். அரிசி யார், கேஸ் அடுப்பு யார், இழுவைக் கயிறு யார் என்று வாட்ஸ்அப்பில் தினமும் சண்டை. வழி பார்க்கும் பொறுப்பு மட்டும் சண்டையே இல்லாமல் ஜெயக்குமார் தலையில் விழுந்தது. அவனாகவே கேட்டு வாங்கினான்.

அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் அவன் காட்டிய வழியில் போய் ஐந்து வண்டியும் ஒரு ஏரிச் சேற்றில் புதைந்தன. டிராக்டர் வந்துதான் இழுத்தது. டிராக்டருக்குப் பக்கத்தில் அசடு வழிய நின்ற ஜெயக்குமாரின் முகத்தைக் குழுவிலிருந்த கார்த்தி வாட்ஸ்அப் ஸ்டிக்கராகப் போட்டுவிட்டான். குட் மார்னிங்குக்கும் அதே ஸ்டிக்கர், யார் வீட்டுக் காதுகுத்துக்கும் அதே ஸ்டிக்கர். ஜெயக்குமார் சிரித்துக்கொண்டே பார்ப்பான். உள்ளே எரியும். இந்த முறை எவனும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தான்.

அதனால்தான் சனிக்கிழமை, ஒரு வண்டியில், வெள்ளோட்டம். துணைக்கு அப்துல் அஹத். புதுப்பட்டினத்தில் டயர் கடை வைத்திருப்பவன். கடைக்குப் பின்னாலேயே வீடு, மனைவி ஜன்னா. அந்தக் கரையோரம் அஹத்துக்கு நன்றாகத் தெரியும்.

மாலை 5.40. கழிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரை இருநூறு அடி இருக்கும். நேராகப் போனால் முழங்கால் தண்ணீர். இடது பக்கம், கடலைப் பார்த்த பக்கம், திடீர் பள்ளம். அதில் இறங்கினால் வண்டியும் வராது, ஆளும் வரமாட்டான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஓட்டுகிறவனுக்குத் தரை தெரியாது. ஒருவன் முன்னால் இறங்கி நடப்பான். இடம், வலம், வா, நில்... எல்லாம் கையால்தான். ஓட்டுகிறவன் அந்தக் கையை மட்டும் பார்க்க வேண்டும். தண்ணீரைப் பார்த்தால் பயம் வரும். பயம் வந்தால் வண்டி நிற்கும். நின்றால் தீர்ந்தது.

அஹத் ஆழம் பார்க்க ஒரு கம்போடும் தோளில் வாக்கிடாக்கியோடும் கீழே இறங்கிப் போனான். ஹெட்லைட் வெளிச்சத்துக்கு வெளியே போய்விட்டான். ஜெயக்குமார் குனிந்து நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி கியரை மாற்றினான்.

நிமிர்ந்தான். 5.46.

தண்ணீரின் நடுவில், ஹெட்லைட் வெளிச்சத்தின் ஓரத்தில், ஆள் நின்றிருந்தான். கை மேலே தூக்கியிருந்தது.

வா.

ஜெயக்குமார் வண்டியை இறக்கினான். கை கொஞ்சம் வலது காட்டியது. திருப்பினான். நேரே என்றது. போனான். சக்கரம் ஒரு இடத்தில் கூட வழுக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக அஹத் வழி காட்டியதே இல்லை. வழக்கமாகக் கத்திக்கொண்டே வருவான், இன்றைக்குச் சத்தமே இல்லை. கம்பும் கையில் இல்லை. எங்கேயோ போட்டுவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டான்.

5.51. கரையேறினான். இறங்கினான்.

"சூப்பர்டா அஹது!"

யாரும் இல்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"மச்சான்... எங்க போற நீ?"

"எங்கயா? அதான் தாண்டிட்டேனே."

"நான் இன்னும் தண்ணில எறங்கவே இல்லடா. கால்ல முள்ளு. எடுத்துகினு கீறேன். நீ பாட்டுக்கு வண்டிய வுட்டுட்ட."

ஜெயக்குமார் திரும்பிப் பார்த்தான். இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்க்கரையில் ஒரு டார்ச் வெளிச்சம். அது அஹத்தான்.

"சரி, அங்கியே இரு. நடந்து வந்துடறேன்."

டார்ச் தண்ணீருக்குள் இறங்கியது. சளக்... சளக்... தெளிவாகக் கேட்டது.

பாதி தூரம் வந்திருக்கும். வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது.

"நீ ஏன்டா திரும்பத் தண்ணில வந்து நிக்கிற? கையக் கொஞ்சம் தூக்கிக் காட்டு."

ஜெயக்குமார் கரையில், வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

அப்போதுதான் பார்த்தான். அவனுக்கும் டார்ச்சுக்கும் நடுவே... ஒருவன். இவனுக்கு முதுகு. அஹத்துக்கு முகம்.

கை மெதுவாக மேலே போனது.

அஹத்துக்கு இடது பக்கம், பள்ளம் இருந்த பக்கம் காட்டியது.

டார்ச் அந்தப் பக்கம் திரும்பியது.

"அஹது! அது நான் இல்ல!"

"இன்னா?"

"கையப் பாக்காத! கண்ண மூடு! ஹாரன் சத்தத்துக்கு வா!"

ஓடிப்போய் ஹாரனை அழுத்தினான். விடவில்லை.

டார்ச் நின்றது.

அணைந்தது.

சளக்... சளக்...

ஹாரன்.

சளக்...

5.59. அஹத்தின் கை வண்டிக் கதவைப் பிடித்தது. மார்பு வரை நனைந்திருந்தான். கண் இன்னும் மூடித்தான் இருந்தது. ஜெயக்குமார் அவனை உள்ளே இழுத்துப் போட்டு வண்டியைக் கிளப்பினான். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. தண்ணீரில் நின்றவன் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தான்.

மறுபடி கழியில் இறங்காமல் மெயின் ரோட்டைச் சுற்றித் திரும்பினார்கள். டயர் கடை வாசலில் இறங்கும்போது அஹத் சொன்னான்.

"குரூப்புல உள்ளதப் போட்ருடா. எவனாவது போயி மாட்டப் போறான்."

"போட்டுடறேன்."

வீட்டுக்கு வந்து போனை எடுத்தான். நடந்ததை அப்படியே தட்டினான். படித்துப் பார்த்தான். அனுப்பினால் அடுத்த நிமிடம் என்ன ஸ்டிக்கர் வரும் என்று அவனுக்குத் தெரியும். டிராக்டரே தேவலை என்று ஆகிவிடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு வரி போட்டான்.

'அந்த ரூட் வேணாம். தண்ணி அதிகம்.'

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இந்த ஜீப்காரர்களிடம் தண்ணீர் அதிகம் என்று சொல்வது, இலை போட்டுவிட்டு சாப்பிட வராதே என்று சொல்வது மாதிரி. அது ஜெயக்குமாருக்கும் தெரியும். அவனே அப்படித்தானே. கார்த்தி கட்டைவிரல் போட்டான். அதைப் பார்த்துவிட்டு ஜெயக்குமார் படுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6.05-க்குப் பால் வாங்கக் கீழே போனான். லிப்டில் மேலே வந்தான். லிப்டுக்குள் டவர் இருக்காது. வெளியே கால் வைத்ததும் போன் இரண்டு முறை அடித்தது. 6.12. கார்த்தியின் குரல் பதிவுகள். அனுப்பிய நேரம் 6.11.

முதலாவது:

"மச்சான், நாங்க எடுத்துனு வந்த மூணு வண்டியும் கழியத் தாண்டிடுச்சு! தண்ணி அதிகம்னு நீ பீலா வுட்டப்பவே நெனச்சேன். ஆனா நீயே வந்து நின்னு கையக் காட்டுவன்னு நெனக்கலடா. இங்க டவரே கெடைக்கல, இப்பதான் மெயின் ரோட்டுக்கு வந்தோம்."

இரண்டாவது:

"ஆமா, எங்க ஓடிட்ட அதுக்குள்ள? அப்புறம் இன்னா நீ, ஜன்னல் கிட்ட வந்து அஹத் வூடு எங்கன்னு எங்கிட்ட கேக்கற? புதுப்பட்டினம், டயர் கடைக்குப் பின்னாலன்னு சொன்னா, தெரியாதவன் மாதிரி தலைய ஆட்ற. தொண்ட வேற கட்டிகீது உனக்கு. கஷாயம் குடிச்சுட்டுத் தூங்குடா."

பால் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது.

அஹத்துக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தான். 6.14-க்கு ஜன்னா எடுத்தாள்.

"அண்ணா? போன வூட்லயே வெச்சுட்டு வந்துட்டாரா?"

"அஹத் எங்கம்மா?"

"இன்னாண்ணா வெளையாட்றீங்க? நீங்கதான வாசல்ல நின்னு கையக் காட்னீங்க. உள்ள வாங்கன்னு நான் கூப்ட்டேன், நீங்க வரல. அவரு செருப்பு கூடப் போடாம உங்க பின்னாலயே வந்தாரு..."

அவள் வாசல் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணா... அவரு உங்க கூட இல்லியா?"

அன்றிரவும் அடுத்த நாலு நாளும் தேடினார்கள். மீனவர்கள் படகு போட்டுத் தேடினார்கள். கழியில் ஒன்றும் கிடைக்கவில்லை. நடந்ததைக் குழுவில் எழுதியிருந்தால் கார்த்தி போயிருக்கமாட்டான், வீடு எங்கே என்று எவனும் சொல்லியிருக்கமாட்டான். சிரிப்பார்களே என்று பயந்தான், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது ஜெயக்குமார் அழுதுவிடுவான்.

ஜன்னா கொடுத்த புகாரில் கணவனைக் கூட்டிக்கொண்டு போனவன் பெயர் ஜெயக்குமார் என்றுதான் இருக்கிறது. அவளைத் தப்பு சொல்ல முடியாது. கண்ணால் பார்த்திருக்கிறாள்.

பத்தாவது நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரில் இரண்டு கேமராப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று கூடுவாஞ்சேரி அடுக்குமாடியின் லிப்ட். இன்னொன்று புதுப்பட்டினத்தில் அஹத் வீட்டுக்கு எதிர்க்கடை. நடுவே ஐம்பது கிலோமீட்டர்.

லிப்டில் ஜெயக்குமார், கையில் பால் பாக்கெட்டோடு. தெருவிலும் ஜெயக்குமார். அதே முகம், அதே கட்டம் போட்ட சட்டை. பேன்ட் மட்டும் முழங்கால் வரை ஈரம். அவனுக்கு நாலடி பின்னால் வெறுங்காலோடு அஹத்.

இரண்டிலும் நேரம் 6.11.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் நிறுத்தினார். குரல் இறங்கிப்போய்க் கேட்டார்.

"இதுல நீ எது?"

ஜெயக்குமார் லிப்டைக் காட்டினான். அவர் திரையை அணைத்தார்.

அஹத் இன்றுவரை வீடு திரும்பவில்லை.