அலாஸ்காவில் யார் இருக்கா?

அலாஸ்கா போகப்போகிறோம் என்று நான் வாயைத் திறந்ததும் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்க யார் இருக்கா?"

மாயவரத்திலிருந்து நாத்தனார் போனில் கேட்டார். பெங்களூரில் இருக்கும் என் மகள் கேட்டாள். கல்கத்தா லேக் மார்க்கெட்டில் பார்த்த பழைய ஆபீஸ் தோழி, பொறுக்கிய முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். "கரடி இருக்கு, பனிமலை இருக்கு, திமிங்கலம் இருக்கு" என்றேன். "அதெல்லாம் சரிடி, மனுஷா யாரு இருக்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இங்கே கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில். கல்யாணமான கையோடு டாலிகஞ்சுக்கு வந்தவர்கள், இன்னும் இங்கேயேதான் இருக்கிறோம். லீவு கிடைத்தால் ஹவுரா, சென்னை, மாயவரம். ஆபீசில் எல்.டி.சி. பயணச் சலுகை வந்தால் மாயவரம். மகளுக்குப் பரீட்சை முடிந்தால் மாயவரம். போகிற வழியில் சித்தப்பா வீடு, வருகிற வழியில் மாமா வீடு. பயணம் என்றால் எங்களுக்கு ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போவது, அவ்வளவுதான். போய் இறங்கியதும் இவர் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவார். நான் முகத்தைக் கழுவி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைவேன். "வந்துட்டியா, அப்பாடா" என்பார்கள். அந்த அப்பாடா எதற்கென்று எனக்குத் தெரியாதா? லீவு முடிந்து ஆபீசுக்குப் போவதே எனக்கு ஓய்வாக இருந்தது.

எதிர் ஃப்ளாட் பௌதி வேறு ரகம். பௌதி என்றால் வங்க மொழியில் அண்ணி. இந்த மாடியில் எல்லோருக்கும் அவர் பௌதிதான். பூஜா லீவு வந்தால் அந்தக் குடும்பம் பெட்டியோடு கிளம்பிவிடும். ஒரு வருஷம் டார்ஜிலிங், ஒரு வருஷம் ராஜஸ்தான், ஒரு வருஷம் எங்கள் ராமேஸ்வரம். குரங்குக் குல்லாய்களையெல்லாம் வெளியே எடுத்து உதறி பால்கனியில் காயப்போட்டால், கிளம்பப்போகிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் கதவைத் திறந்து, "கீ கீ தேக்லே?" என்பார். என்னென்ன பார்த்தாய் என்று கேட்கிறார். என்னத்தைப் பார்த்தேன்? நாத்தனாரைப் பார்த்தேன், ஓரகத்தியைப் பார்த்தேன், ஒரு மூட்டை வெங்காயத்தைப் பார்த்தேன். பௌதி பாவம் என்பதுபோல் உச்சுக்கொட்டுவார். எங்கள் ஆட்கள் யார் இருக்கா என்று கேட்பார்கள், இவர்கள் என்ன இருக்கு என்று கேட்பார்கள்.

ரிடயரான பிறகு ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அகண்டு கிடக்கிற ஒரு பள்ளத்தாக்கு. அதில் ஒரே ஒரு மண்சாலை, சாலையில் ஒரே ஒரு பஸ். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கரடி குட்டிகளோடு நிதானமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. பின்னால் வெள்ளை வெளேரென்று மலை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பத் தேடினேன். ஒரு வீடு இல்லை, ஒரு கரண்ட் கம்பம் இல்லை. ஒரு அடுப்படி இல்லை. இங்கே போகணும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

"ஆளில்லாத இடத்துக்குப் போயி என்னம்மா பண்றது?" என்றார் இவர்.

"ஆளில்லாததுதான் வேணும். ஒரே ஒரு தடவ, நம்மள யாரும் எதிர்பாக்காத இடத்துக்குப் போகணும். என் பணம், என் பிளான். நீங்க கூட வந்தாப் போதும்" என்றேன்.

பிளான் என்று சொல்வது சுலபம். சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு நான் படித்த படிப்பை அந்தக் காலத்தில் படித்திருந்தால் ஐ.ஏ.எஸ். ஆகியிருப்பேன். பவானிபூரில் இருக்கும் டிராவல் ஏஜென்ட், "ஆன்ட்டி, இந்த வயசுல கப்பல் மட்டும் போதும், நாற்காலியில உக்காந்தபடியே எல்லாம் பாக்கலாம்" என்று அதிலேயே நின்றார். நான் விடவில்லை. காடு வேண்டும், கப்பலும் வேண்டும். எது முதலில் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. காடு என்றால் விடியற்காலை எழுந்து பஸ் பிடிக்க வேண்டும், கண்ணாடிக் கூரை போட்ட ரயிலில் நாள் முழுக்க உட்கார வேண்டும். அதை உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அப்புறம் கப்பலில் ஏறிக் காலை நீட்டிக்கொள்ளலாம். அதனால் வடக்கே போய் இறங்கி, ரயிலில் தெற்கே வந்து, டெனாலி காட்டில் தங்கி, ஆங்கரேஜ் வழியாகக் கப்பல் பிடித்து, கனடாவில் இறங்குவது என்று வகுத்தேன். கனடாவில் இறங்கினால் கனடாவுக்கும் விசா வேண்டுமே என்று கேட்டேன் பாருங்கள், ஏஜென்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு என்மேலேயே ஒரே பெருமை. சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

இவரும் மெல்ல மெல்ல மேஜைக்கு வந்தார். கிதிர்பூர் டாக்கிலிருந்து எத்தனையோ கப்பல்களை அனுப்பிவைத்தவர், ஒன்றில்கூட ஒரு ராத்திரி படுத்ததில்லை. எந்த அறை எடுப்பது என்று நான் முழித்தபோது, வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, "தெக்க போற கப்பல்ல கரை இடது பக்கம் வரும். இடது பக்கமே எடு" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மனுஷன் வழிக்கு வந்துவிட்டார் என்று நான் நம்பினேன்.

நம்பியது என் தப்பு. ஒருநாள் காலை, நான் தோசைக்கல்லின் முன் நிற்கிறேன், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஆள் கிடைச்சிருச்சு!"

"என்ன ஆளு?"

"ஆங்கரேஜ்ல! நம்ம சித்தப்பா பொண்ணு இருக்காள்ல, அவ பொண்ணக் கட்டின மாப்பிள்ள அங்கதான் வேலையில இருக்காராம். மாயவரத்துல அக்காதான் விசாரிச்சுக் கண்டுபிடிச்சுது. பேசிட்டேன். வாங்க, வந்து நம்ம வீட்லயே தங்குங்கன்னு ஒரே சந்தோஷம் அவங்களுக்கு."

"எப்ப தங்குறது? நாம அப்ப டெனாலியில இருப்போமே?"

"அதான், அந்த டெனாலி டூரை எடுத்துடச் சொல்லி ஏஜென்ட்கிட்ட சொல்லிட்டேன். நேரா அவங்க வீட்ல இறங்கிட்டு, அங்கேருந்து கப்பல் ஏறிக்கலாம். சித்தப்பா பேத்திக்கு அப்ப எட்டாம் மாசம். நீ போனா ஒத்தாசையா இருக்கும்னாங்க. கொஞ்சம் பருப்புப்பொடியும் வடகமும் மட்டும் கொண்டாந்தாப் போதுமாம்."

தோசை கருகியது. நான் அடுப்பை அணைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் எனக்குக் கெடுதல் எதுவும் நினைக்கவில்லை. பெரிய உபகாரம் செய்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில். பூமியின் வடக்குக் கோடிக்குப் போனாலும் அங்கே ஒரு அடுப்படியைக் கண்டுபிடித்து அதில் என்னைக் கொண்டுபோய் நிறுத்த எங்கள் ஆட்களால்தான் முடியும்.

"கரடியப் பாக்கணும்னு சொன்னேன், கர்ப்பிணிக்குக் கஷாயம் வெக்கணும்னு சொன்னேனா?" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃப்ளாட் கதவு திறந்தது. "கீ ஹோலோ?" என்று பௌதி ஓடி வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டவரிடம் நடந்ததை வங்க மொழியில் கொட்டித் தீர்த்தேன். பௌதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவ்வளவு தூரம் போய் மாப்பிள்ளையைப் பார்க்கப்போகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். இவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே மெட்ரோ ஏறி பவானிபூர் போனேன். ஏஜென்ட் என்னைக் கண்டதும், "அங்கிள் கேன்சல் பண்ணச் சொல்லிட்டாரே ஆன்ட்டி" என்றார்.

"அங்கிளுக்கு கேன்சல் பண்ணுங்க. எனக்குப் போடுங்க."

"தனியாவா?"

"ஏன், கரடி பொம்பளைங்கள மட்டும் தேடித் தின்னுமா?"

வாய் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். ஆபீஸ், மார்க்கெட், மகள் வீடு தவிர தனியாக நான் எங்கே போயிருக்கிறேன்? ஆனாலும் என் பெயர் மட்டும் இருந்த அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கியபோது, முதல் சம்பளம் வாங்கிய அன்று நடந்த நடை எனக்குத் திரும்பி வந்திருந்தது. வீட்டுக்கு வந்து தாளை அவர் முன்னால் வைத்தேன். "நீங்க மாப்பிள்ள வீட்ல சௌகரியமா இருங்க. நான் காட்டப் பாத்துட்டு வந்துர்றேன். கப்பல்ல சந்திப்போம்" என்றேன். அவர் படித்தார், மடித்தார், திரும்பக் கொடுத்தார்.

அமெரிக்க விசா நேர்காணல் வரைக்கும் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. காபி வைத்தால் குடித்தார், சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். இடையில் ஒருநாள் வெளியே போய்விட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்கும் வீம்பு இருக்காதா?

நேர்காணல் அன்று கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். உள்ளே இருந்த அதிகாரி இளவயது வெள்ளைக்காரர். எங்கே போகிறீர்கள் என்றார். அலாஸ்கா என்றேன். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அடுத்த கேள்வி வந்தது, ஆங்கிலத்தில். "அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

கடல் தாண்டி வந்தவனும் இதையேதான் கேட்கிறான்! இவர் தொண்டையைக் கனைத்தார். இதோ, சித்தப்பா பேத்தி, மாப்பிள்ளை, எட்டாம் மாதம் என்று வம்சாவளியை ஆரம்பிக்கப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூரத்துச் சொந்தம் ஒருத்தர் இருக்கார் சார். அவர் வீட்டுக்கு நாங்க போகல" என்றார் இவர், ஆபீஸ் ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாக. "இத்தன வருஷமும் யாராவது இருக்கிற இடத்துக்கு மட்டும்தான் போயிருக்கோம். இந்த டூர் முழுக்க என் மனைவி போட்டது. எந்த ரயில், எந்தக் காடு, எந்தக் கப்பல் எல்லாம் அவங்கதான். என்ன வேணாலும் அவங்களக் கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். கேட்டார். நானும் சொன்னேன். காடு ஏன் முதலில், கப்பல் ஏன் பிறகு, ஏன் இடது பக்க அறை என்பதுவரை சொன்னேன். பாதியிலேயே அவர் சிரித்துவிட்டு, எங்கள் பாஸ்போர்ட்டுகளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்து டாக்சியில் உட்கார்ந்ததும் கேட்டேன். "மாப்பிள்ள வீட்டுக்கு என்ன சொன்னீங்க?"

"வரலன்னு சொல்லிட்டேன்." ஒரு சொந்தக்காரரிடம் வரவில்லை என்று சொன்னது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது அவருக்கு.

"அப்ப நான் காட்டுல இருக்குறப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"அந்த ஏஜென்ட்டப் போயிப் பாத்தேன். ரயில்ல உன் பக்கத்து சீட்டு போயிடுச்சாம். பின்னாடி சீட்டுதான் கிடைச்சுது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், பார்க்கட்டும்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. நாத்தனார். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு செருப்பைக் கழற்றினார். விசா கிடைத்ததா என்றுகூட அவர் கேட்கவில்லை. "ஏன்டா, மாப்பிள்ள வீட்டுக்கு வரலன்னுட்டியாமே? அந்தக் காட்டுல உங்களுக்கு யார்டா இருக்கா?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார்.

"நாங்க ரெண்டு பேரும் இருப்போம்க்கா" என்றார்.