மதிலோரக் கல்

போன ஞாயிறு கடலூரில் நாத்தனார் செல்வி வீட்டுக்குப் போயிருந்தோம். அவளுடைய மூன்று மாதக் குழந்தையைப் பார்க்கத்தான். போய் உட்கார்ந்ததும் கரண்ட் போய்விட்டது. குழந்தைத் துணிகள் வாஷிங் மெஷினில் பாதியில் நின்றன.

“நான் துவைக்கிறேன்” என்று என் கணவர் எழுந்தார். சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் தன் கைக்குட்டையைக்கூடத் துவைக்காத மனிதர்! தங்கை வீட்டில் மட்டும் இந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்து வருமோ...

கொல்லையில் கல்லில் போட்டு, பிரஷால் தேய்த்து, அலசிக் காயப்போட்டார். வெயிலில் சீக்கிரமே காய்ந்தது. நான்தான் ஒரு சட்டையை எடுத்துக் குழந்தைக்குப் போட்டேன்.

பின்பக்கம் போன செல்வி ஓடி வந்தாள்.

“எந்தக் கல்லுலண்ணா தொவைச்ச?”

அங்கே இரண்டு கல். ஒன்று குழாயடியில். இன்னொன்று மதிலோரம் – அதற்குத் தனி பக்கெட், தனி பிரஷ். செல்வியின் கணவருக்குச் செம்மங்குப்பம் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. கெமிக்கல் படிந்த அவருடைய வேலைத் துணி மெஷினுக்குள் போகாது, மதிலோரக் கல்லோடு சரி. அந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படித்தானாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? நிழலாக இருக்கிறதே என்று இவர் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

செல்வி சட்டையைக் கழற்றினாள். கழுத்தில் சிவப்பாக ஒரு திட்டு!

வேர்க்குருவா... வேறு ஏதாவதா? ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் பூட்டியிருந்தது. குளிப்பாட்டி, தொட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். குழந்தை தும்மினால்கூட மூன்று பேரும் எழுந்து நின்றோம்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. ஃபேன் காற்றில் திட்டு மெல்ல மங்கி மறைந்தது. வெறும் வேர்க்குரு. அப்பாடா!

ஷிஃப்ட் முடிந்து செல்வியின் கணவர் பின்வாசல் வழியாக வந்தார். குளித்த பிறகுதான் தொட்டில் பக்கமே வந்தார். நடந்ததைச் சொல்லி, என் கணவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

“வுடுங்க மச்சான். அந்த பிரஷ்ல தேய்ச்ச துணியத்தான தெனம் போட்டுக்கினு போறேன். எனக்கு என்னா ஆயிப்போச்சு?”

சிரித்துக்கொண்டே முழங்கையைச் சொறிந்தார். அதற்குக் கீழே மணிக்கட்டு வரை தோல் கறுத்துத் தடித்திருந்தது.

எத்தனை பண்டிகைக்கு அந்தக் கையால் எங்களுக்குப் பரிமாறியிருப்பார்... ஒரு தடவைகூட நாங்கள் பார்த்ததில்லை.