ஏழாவது கேள்வி

விடைத்தாளின் மேல் மாணவர் எண்ணை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். தேர்வு அறையைக் கண்காணிக்க வந்த பெண்மணி என் அடையாள அட்டையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உங்க நம்பர் இல்லையே" என்றார். குனிந்து பார்த்தேன். சிறையில் பத்து வருடம் எனக்கு இருந்த எண்.

அடித்துவிட்டுச் சரியானதை எழுதினேன். மண்டைக்குள் வேறொன்று ஓடத் தொடங்கிவிட்டது. பத்தொன்பது வயதில் உள்ளே போனவன் நான். அங்கிருந்த பள்ளியில் எழுதிய ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் அந்த எண்தான் இருந்தது. சிறையில் இருந்ததை விண்ணப்பத்தில் சொல்லித்தான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். சொல்ல முடியாமல் எத்தனை பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள்? விண்ணப்பத்தில் அதைக் கேட்க வேண்டாம் என்று கல்லூரிக்கே எழுதினால் என்ன? முதல் வினாவுக்கு விடை எழுதும் முன்பே கடிதத்தின் முதல் வரி தயார். அந்தத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முடிந்ததும் தேக்கா மார்க்கெட் டீக்கடைக்கு ஓடினேன். சிறையில் என்னோடு ஒரே வகுப்பில் கணக்குப் படித்த அண்ணன் அங்கே காத்திருந்தார். பதினாலு வருடம் இருந்துவிட்டு வந்தவர், இப்போது பூன் லே பகுதியில் ஒரு கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். நடந்ததைச் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீ புரையேறச் சிரித்தார்.

"நல்லவேளை, உள்ள மாதிரி தலைய எண்ண வந்துட்டாங்கன்னு தரையில குந்தாம இருந்தியே!"

"சிரிக்காதீங்கண்ணே. உங்க ஃபாரம் என்னாச்சு?"

சிரிப்பு நின்றது. அதே கல்லூரியில் மின்னியல் டிப்ளோமா படிக்க அவருக்கு ஆசை. ஃபோனில் விண்ணப்பத்தை மூன்று முறை திறந்து, மூன்று முறையும் ஏழாவது கேள்வியில் மூடிவிட்டார். எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா, விவரம் தருக. மாதக் கடைசியோடு விண்ணப்பம் முடிகிறது.

"நான் எழுதித் தர்றேன்ணே."

"நீ அடங்கு."

அடங்கவில்லை. சுவா சூ காங்கில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ரயிலிலேயே கல்லூரிக்கான கடிதத்தை முடித்து அனுப்பிவிட்டேன்: இடம் கொடுத்த பிறகு அந்தக் கேள்வியைக் கேளுங்கள், முன்னால் வேண்டாம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. சேர்க்கைக் குழு பதினைந்து நிமிடம் தருகிறதாம், வந்து பேசலாமாம்.

பேச்சை ஐந்து முறை திருத்தி எழுதினேன். அதில் மிக நன்றாக வந்த பத்தி அண்ணனைப் பற்றியது. பெருமையாக ஃபோனில் வாசித்துக் காட்டினேன்.

"என்னடா இது?"

"பேரே சொல்லலண்ணே."

"பேர் எதுக்கு? பூன் லேயில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற இந்தியன், பதினாலு வருஷம் உள்ளன்னா போதாதா? கூட வேல பாக்குறவங்களுக்கு இன்னும் தெரியாது. என் கத, நான் சொல்றப்ப சொல்றேன் லா."

சுருக்கென்றது. என் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லிப் பழகியதில், அவர் கதையையும் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பத்தியை அழித்தேன். பேச்சு பாதியாகிவிட்டது.

குழுவில் மூன்று பேர். வேகமாகப் பேசி ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஒருவர் கேட்டார், உங்களுக்குத்தான் இடம் கிடைத்ததே, அந்தக் கேள்வி யாரைத் தடுத்தது? பதில் நாக்கு நுனியில் நின்றது. மேசைக்கு அடியில் கைகளை இறுகக் கோத்துக்கொண்டேன். "ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை" என்றேன். இந்த வருடம் எதுவும் மாறாது, அடுத்த வருடத்துக்கு யோசிக்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள்.

வெளியே வந்ததும் அவரை அழைத்தேன்.

"என்னப் பத்திச் சொன்னியா?"

"சொல்லல."

"அவங்க கேட்டும்?"

"கேட்டும்."

அந்தப் பக்கம் லாரி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழம உன் வீட்டுக்கு வர்றேன். நானே எழுதுறேன். நீ பக்கத்துல உக்காரு. வாயத் தொறந்தே, எந்திரிச்சுப் போயிடுவேன்."

ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள், விண்ணப்பம் முடிய ஐந்து. குழுவுக்கு இரண்டாவது கடிதம் பாதி எழுதியாகிவிட்டது. கடினமான வேலை அதுவல்ல. அவர் ஏழாவது கேள்விக்கு வரும்போது ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கும் ஒத்திகை பார்க்கிறேன். நேற்று நான்கு நிமிடம் தாக்குப்பிடித்தேன்.