தபால்காரன் கையில் ஒரு பட்டை

இருபத்தேழு வருடத் தபால் வேலையில் அர்கிரிஸ் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை. கிரீஸின் வோலோஸ் நகரத்தில் வேறு யாருக்கு இது தெரியுமோ தெரியாதோ, அவன் அக்கா மெரோபியிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிற எல்லோருக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்காரர்கள் சாப்பாட்டுப் பழக்கத்தைக் கண்காணிக்கும் பட்டையைக் கட்டிக்கொள்ள நம்பிக்கையான ஆள் தேடியபோதும், அவன் பெயரைக் கொடுத்தவள் அவள்தான். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். வலது கை வாய்க்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அது குறித்துக்கொள்ளும். கூடவே, சாப்பிட்டதையெல்லாம் நேரத்தோடு ஒரு நோட்டிலும் எழுத வேண்டும். அர்கிரிஸின் கையெழுத்து அவனுக்கே புரியாது. அதனால் தினமும் மாலையில் அவன் சொல்லச் சொல்ல மெரோபி எழுதினாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம். இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. "அவித்த பீன்ஸ் ஒரு கிண்ணம், ஆலிவ் பதினொன்று" என்று ஆலிவைக்கூட எண்ணித்தான் எழுதினாள்.

பத்தாம் நாள், ஆய்வு நடத்தும் தனாய் என்ற இளம்பெண் இருவரையும் அழைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். தினமும் பட்டையும் நோட்டும் ஒத்துப்போகல. நேத்து காலையில ஏழு தடவை ஏதோ சாப்பிட்டிருக்கீங்கன்னு பட்டை சொல்லுது. நோட்டுல ஒண்ணும் இல்ல. இப்படி இருந்தா உங்களை ஆய்வுல வச்சுக்க முடியாது."

மெரோபியின் முகம் சுண்டிப்போனது. "என் தம்பி பொய் சொல்றவன் இல்லம்மா."

"இரு அக்கா. ஏம்மா, நேரத்தைச் சொல்லு," என்றான் அர்கிரிஸ்.

"ஒன்பது பன்னிரண்டு."

"புனித நிக்கோலஸ் கோயில்."

"ஒன்பது இருபத்தொன்பது?"

"ரயிலடிக்குப் பக்கத்துச் சின்னக் கோயில். கோயிலைக் கண்டா கை சும்மா இருக்குமா?"

எழுந்து நின்றான். மூன்று விரல்களைக் கூட்டி நெற்றிக்குக் கொண்டுபோய், வழக்கம்போல மூன்று முறை சிலுவைக்குறி போட்டான். தனாயின் கணினித் திரையில் மூன்று வாய் ஏறியது.

"சாமி கும்பிடறதைச் சாப்பாடுன்னு நினைச்சிருக்கே இது," என்று அவள் சிரித்தாள்.

"அதுலயே வயிறு நிறைஞ்சா அக்கா சமையல்லேர்ந்து தப்பிச்சிடுவேனே."

"வீட்டுக்கு வாடா, சமையலைக் காட்டறேன்," என்றாள் மெரோபி.

ஆறு நேரத்துக்கும் ஆறு கோயில் சரியாக வந்தது. தனாய் பேனாவை எடுத்தாள். "கடைசி, பதினொன்று அஞ்சு. இதுவும் கோயில்தானே?"

ஆமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெரோபி அதற்குத்தான் காத்திருந்தாள். அவனோ தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"இல்லம்மா. அந்தத் தெருவுல கோயிலே கிடையாது. கலியோப்பி அம்மா வீடு. கப்பல்ல போன மகன்கிட்டேர்ந்து எட்டு மாசம் கழிச்சுக் கடிதம். சந்தோஷத்துல சீஸ் அப்பத்தை நீட்டுச்சு. வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

"நோன்புலயா?" என்றாள் மெரோபி.

"அதான் உன்கிட்ட சொல்லல அக்கா."

"எத்தனை துண்டு?"

"ரெண்டு."

தனாய் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க ஆய்வுலயே இருங்க சார். நாளைக்கு உங்ககூட நானும் நடந்து வரேன். எது கும்பிடு, எது சாப்பாடுன்னு பட்டைக்கு நீங்கதான் கத்துத் தரணும்."

மெரோபி நோட்டை வாங்கி, விட்டுப்போன வரியை நேர்த்தியாக எழுதினாள்: பதினொன்று ஐந்து, சீஸ் அப்பம், இரண்டு துண்டு.

இப்போது தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கு அவள் சொல்வது இந்தக் கதையைத்தான். சீஸ் அப்பத்தை மறைப்பதில்லை. "நோன்புல சீஸா?" என்று யாராவது வாயைப் பிளந்தால், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொல்வாள்:

"ஆமா. யாரும் கண்டுபிடிக்கல. அவனே சொன்னான்."