பெரியப்பாவின் இரண்டு விரல்கள்

பாட்டு தொடங்கும் முன் பெரியப்பா தன் இடது மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடித் துடிப்பிலிருந்து தாளத்தை எடுத்துக்கொண்டு, பிறகுதான் கையை உயர்த்துவார். மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் எங்கள் கோயில் பாடகர் குழுவை அவர்தான் நடத்தினார். தாளக் கருவி வாங்கலாம் என்று ஃபாதர் சொன்னபோது, “ஆண்டவரு உள்ளயே ஒண்ணு வெச்சிருக்காரு லா, ஃபாதர்” என்று மறுத்துவிட்டார்.

அந்த உள்தாளம் வருடத்துக்கு வருடம் மந்தமாகிக்கொண்டே போனதை, வயது தந்த நிதானம் என்றே நினைத்தோம். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போனால், பாட்டு முடிவதற்குள் வீட்டுக்காரர் கலக்கி வைத்த மைலோ ஆறிப்போகும். “அடுத்த கிறிஸ்துமஸே வந்துரும் போல” என்று பெரியம்மா கிண்டல் செய்வார். ஒரு நாள் ஒத்திகையில், உயர்த்திய கை இறங்கும் முன்பே பெரியப்பா சரிந்து விழுந்தார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழ் அறைக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது. சில சமயம் சேர்வதே இல்லை. இதய செல்களின் சுவரில் சோடியம் நுழைவதற்கென்று நுண்ணிய வாசல்கள் உண்டு. அந்த வாசலைக் கட்டும் மரபணுவில் ஒரு பிழை. அதனால் வாசல்கள் சரியாகத் திறப்பதில்லை. பிழையையே திருத்தும் சிகிச்சை இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது, இப்போதைக்கு பேஸ்மேக்கர் வைத்துவிடலாம் என்றார். குடும்பத்தில் மற்றவர்களும் சோதித்துக்கொண்டோம். எனக்கும் அதே பிழை. பயத்தில் அழுதுவிட்டேன். பெரியப்பாவோ, “எங்கப்பா சொத்துல உன் பங்கு கரெக்டா வந்துருச்சு லா” என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். என் இதயம் அப்போது ஒழுங்காகத்தான் ஓடியது. வருடா வருடம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள்.

பேஸ்மேக்கரோடு அவர் திரும்பிய முதல் ஒத்திகையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. விரலை வைத்தார், கையை உயர்த்தினார், பாட்டு பறந்தது. மூச்சு வாங்க நாங்கள் பின்னால் ஓடினோம். “புது எஞ்சின் லா!” என்று அவர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

இப்போது குழுவை நான் நடத்துகிறேன். பழக்கதோஷம், நானும் மணிக்கட்டில் விரல் வைத்துத்தான் தொடங்குவேன். சென்ற மாதம் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, இரண்டாம் சரணத்தில் எழுந்து நின்றார். “நிறுத்தும்மா. பாட்டு இழுக்குது. நாளைக்கே டாக்டரப் பாரு.” அவர் முகத்தில் விளையாட்டே இல்லை.

இசிஜி தாளைப் பார்த்த டாக்டரம்மா, “நல்ல நேரத்துல வந்தீங்க. மயக்கம் வந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர், பாட்டு மெதுவா போச்சு” என்றேன்.

நேற்று, தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்த புதுத் தழும்போடு ஒத்திகைக்குப் போனேன். பெரியப்பா எழுந்து வந்து என் கையை வாங்கி, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மெல்ல அவர் தலை ஆடத் தொடங்கியது.

“ம்... இதான் வேகம். ஆரம்பிம்மா.”